தாய்லாந்து மீன் வடை உடையாதது ஏன்?



தம்பி பிறந்தநாளுக்கு முதல்நாள் மீன் வடை சுட்டுப் பார்த்தேன். எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து போச்சு. அரை கிலோ சீலா மீன் பாழ். "விக்கிற மீனை வீணாக்கிட்டியே" என்று அம்மா திட்டினாங்க. பாங்காக்கில் ஓட்டல் சமையல் வேலை பார்க்கும் மாமாவிடம் போனில் கேட்டேன்.

"மீனை வேக வச்சியா?" என்றார். ஆமாம், புட்டு மாதிரி உதிர்த்துத்தான் செய்தேன்.

தப்பு அங்கேதான். தாய்லாந்தில் இதற்கு 'தோட் மன் ப்லா' என்று பெயர். ப்லா என்றால் மீன். அங்கே பச்சை மீனை முள் எடுத்து, உப்புப் போட்டு அரைத்துப் பிசைகிறார்கள். மீன் சதையில் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. உப்பு அதைக் கரைத்து வெளியே கொண்டுவரும். பிசையப் பிசையப் பசை மாதிரி ஒட்டும். சூடு பட்டதும் வலை போல இறுகிவிடும். வெந்த மீனில் புரதம் ஏற்கெனவே இறுகிவிட்டதால் ஒட்டாது. அவித்த முட்டையில் ஆம்லெட் போட முடியுமா? அது மாதிரிதான்.

மறுநாள் அப்பா இன்னொரு அரை கிலோ தந்தார். அம்மாவுக்குத் தெரியாது. மீன் ஜில்லென்று இருந்தால்தான் நல்லா பசை வருமாம். ஐஸ் மேல் சட்டியை வைத்துப் பத்து நிமிஷம் பிசைந்தேன். விரலெல்லாம் மரத்துப் போச்சு! காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்த விழுது, ஒரு முட்டை, பொடியாக நறுக்கிய காராமணிக்காய் சேர்த்தேன். அங்கே எலுமிச்சைப் புல்லும் அரைப்பார்கள். எனக்குக் கிடைக்காததால் எலுமிச்சை இலையை நறுக்கிப் போட்டேன். சின்னச் சின்னதாகத் தட்டிப் பொரித்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கடித்தால் ரப்பர் மாதிரி துள்ளியது. வினிகரில் சீனி கரைத்து வெள்ளரிக்காய் போட்டுத் தொட்டுக்கொண்டோம்.

அம்மா நாலு தின்னாங்க. மீன் ஏதுன்னு கேட்கவே இல்லை.

– 9-ஆம் வகுப்பு மாணவி