விமானம் எங்கே? ஓசை எங்கே?

கன்னிவாடி மலையடிவாரத்தில் யாராவது விறகு வெட்டுவதைத் தூரத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? கோடரி மரத்தில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். அவர் மறுபடி கோடரியை ஓங்கும்போதுதான் ‘டொக்’ என்ற ஓசை நம் காதுக்கு வந்து சேரும். இதை மறந்துபோனதால் நாங்கள் சென்னையில் வெறும் வானத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப் படையின் 92ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டு மெரினாக் கடற்கரையில் விமான சாகச நிகழ்ச்சி. கன்னிவாடி மாணவர்கள் ஏழெட்டுப் பேரும் நானும் முந்தின இரவே திண்டுக்கல்லில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். காலை 11 மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உறுமல் கேட்கும், எல்லோரும் அந்தத் திசையில் அண்ணாந்து பார்ப்போம், அங்கே ஒன்றும் இராது! விமானம் எப்போதோ முன்னே போயிருக்கும்.

காரணம் எளிது. சென்னை வெயிலில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். நம் தலைக்கு நேர் மேலே 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு ஜெட் விமானம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே எழுந்த ஓசை நம்மை அடைய 6 விநாடி ஆகும். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 250 மீட்டர். அந்த 6 விநாடியில் அது 1,500 மீட்டர் போய்விடுகிறது. ஓசை உச்சியிலிருந்து கேட்க, விமானமோ உச்சியிலிருந்து 35 டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரியை மறைக்கும். ஆகவே, ஓசை வரும் இடத்திலிருந்து விமானம் போகும் திசையில் மூன்றரை முஷ்டி அளந்து பார்க்க வேண்டும். இதை மணலில் கோடு போட்டுக் காட்டியதும் மாணவர்கள் கைகளை நீட்டி அளக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பழைய டகோட்டா வந்தபோது மட்டும் இந்தக் கணக்கு பொய்த்தது போலத் தோன்றியது. 1947இல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற வகை விமானம் இது. எனக்கு மிகவும் பிடித்தது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 விநாடியில் 450 மீட்டர்தான் நகரும். ஒரு முஷ்டிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்! சாரங் குழுவின் ஹெலிகாப்டர்களையும் தேட வேண்டியிருக்கவில்லை.

நண்பகல் நெருங்கியபோது எங்கள் கவனம் வானத்திலிருந்து இறங்கிவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணியை ஒட்டித்தான். அப்போது அது தலைக்கு மேலிருந்து 18 டிகிரியே சாய்ந்திருக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. லட்சக்கணக்கானோர் நெருக்கி நிற்கும்போது காற்றோட்டமும் குறைகிறது. ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும்தான் வீணாகின்றன. எங்களில் ஒரு மாணவனுக்குத் தலைசுற்றல் வந்தது. உடனே நிழலுக்கு அழைத்துப்போய், சட்டையைத் தளர்த்தி, ஈரத்துண்டால் துடைத்து விசிறினோம். உப்புக் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அவன் தேறிவிட்டான். அன்று அங்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள் என்பதை மாலையில்தான் அறிந்தோம். சூரிய கிரண் குழுவின் விமானங்களைப் பாராமலே திரும்பியதில் எங்களுக்கு வருத்தமில்லை.

மறுநாள் கன்னிவாடியில் ஒரு பயணிகள் விமானத்தின் மெல்லிய இரைச்சல் கேட்டது. 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்த ஓசை இறங்க அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். தலைசுற்றி விழ இருந்த அதே மாணவன்தான் கையை நீட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று... “சார், அதோ!”