யார் முதலில் மௌத்தானார்? குடும்ப வரலாற்றைக் கணினியில் முறையாகப் பதிவு செய்வோம்

குடும்ப வரலாறு என்றாலே ஒரு பெரிய சார்ட்டில் மரம் வரைந்து, கிளைகளில் பெயர்களை எழுதி, ஹாலில் மாட்டுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாகப் பிரிவினை என்று உட்கார்ந்தால் அந்த மரம் நமக்கு உதவுவதில்லை. அதில் பெயர் இருக்கும், தேதி இருக்காது. தேதி இருந்தால் அதை யார் சொன்னார், எந்தக் காகிதத்தில் இருந்தது என்பது இருக்காது.

கோவளம் போன்ற கடற்கரை ஊர்களில் இது சிறிய விஷயமல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு, ஒரு காலத்தில் யாரும் கேட்காத மணல் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பெரிய விலை வந்துவிட்டது. பாட்டனார் பெயரில் இரண்டு மூன்று தலைமுறையாகப் பிரிக்காமல் கிடந்த நிலங்களைப் பற்றி இப்போதுதான் பேச்சு எழுகிறது. அப்போது முதலில் வரும் கேள்வி, "யார் முதலில் மௌத்தானார்?" என்பதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் தன் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டார் என்றால், இளையவர் உயிரோடு இருக்கும் நிலையில், மூத்தவரின் பிள்ளைகள் பாட்டனாரின் சொத்துக்கு வாரிசாக மாட்டார்கள். பாட்டனார் விரும்பியிருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அவர்களுக்கு வஸிய்யத் செய்து வைத்திருக்கலாம். அதே மூத்தவர் தகப்பனாருக்கு ஒரு நாள் பின்னால் இறந்திருந்தாலும் அவருடைய பங்கு உறுதியாகிவிடும்; அது அவருடைய மனைவி மக்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். ஒரே ஒரு நாளின் வித்தியாசம்! அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லாத குடும்பத்தில் அநாதைகளின் உரிமை யாருடைய ஞாபகசக்தியிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே குடும்ப வரலாற்றைப் பதிவு செய்யும்போது, ஒவ்வொரு தகவலையும் அதன் ஆதாரத்தோடு கட்டி வைப்பதே தலையாய வேலை. இதற்குக் கணினி மென்பொருள் எப்படி உதவுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

நம் கையில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் டிரங்குப் பெட்டியிலோ பீரோவின் மேல்தட்டிலோ ஒரு பழைய துணிப்பை இருக்கும். கிரயப் பத்திரம், பட்டா, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், காலாவதியான பாஸ்போர்ட், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில் கிடக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் அரபுத்தமிழில் எழுதி வைத்த நோட்டுகளும் இருக்கும். இவற்றில் எதையும் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடக் கூடாது.

வீட்டுக்கு வெளியே முக்கியமானது பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தர். மணமக்களின் பெயர், தகப்பனார் பெயர், மஹர், சாட்சிகள், வலீ ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். இதைக் கவனமாகப் படித்தால் எழுதப்படாத செய்தியும் கிடைக்கும். மணப்பெண்ணின் வலீயாக உடன்பிறந்த சகோதரர் நின்றிருந்தால், அந்தத் தேதியில் தகப்பனாரும் தகப்பனாரின் தகப்பனாரும் உயிரோடு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். இறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவரின் காலத்தை நெருங்குவதற்கு இது ஒரு வழி. ஆனால் அவர் வெளியூரில் இருந்திருக்கவும் கூடும். எனவே இதை ஊகம் என்று குறித்தே பதிய வேண்டும்.

அரசுப் பதிவுகளில், 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் வரும் பதிவேடுகள், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்கீழ் செய்த பதிவுகள், சார்பதிவாளர் அலுவலகத்தின் பத்திரங்கள், வில்லங்கச் சான்று ஆகியவை உண்டு. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அதுவே அரைக் குடும்ப வரலாறு. அதில்தான் பெண்மக்களின் பெயர்களும் விடுபடாமல் இருக்கும்.

எக்செல் போதாதா?

ஐம்பது பேர்வரை எக்செல் போதும். அதற்கு மேல் போனால் சிக்கல் தொடங்கும். நம் குடும்பங்களில் மாமன் மகளை, மாமி மகனை மணப்பது சாதாரணம். ஒரே நபர் ஒருவருக்கு மாமாவாகவும் மாமனாராகவும் இருப்பார். மறுமணங்களும் உண்டு. வரிசையும் கட்டமும் கொண்ட தாளில் இந்தப் பின்னலை எழுத முடியாது. ஒரே ஆளை இரண்டு மூன்று இடத்தில் எழுதி, ஓரிடத்தில் திருத்தி, மற்ற இடத்தில் மறந்துவிடுவோம்.

குடும்ப வரலாற்று மென்பொருளில் ஒரு நபர் ஒரே ஒருமுறைதான் பதியப்படுவார். எத்தனை உறவுகள் இருந்தாலும் அந்த ஒரே பதிவோடு இணைப்புகள் போகும். இவ்வகையில் கிராம்ப்ஸ் என்ற மென்பொருளை நாம் பரிந்துரைக்கலாம். 2001இல் தொடங்கப்பட்ட இது முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முக்கியமாக, இணையம் இல்லாமலேயே நம் கணினியில் இயங்கும். குடும்ப விவரங்கள் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகாது.

முதலில் ஆதாரம், பிறகு பெயர்

மென்பொருளைத் திறந்ததும் எல்லோரும் பெயர்களை அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் சொல்வது, முதலில் காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்தாலும் பரவாயில்லை. நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 001, 002 என்று எண் கொடுங்கள். அதே எண்ணைக் காகிதம் இருக்கும் உறையின் மேலும் பென்சிலால் எழுதுங்கள். கோப்பின் பெயரில் எண், ஆண்டு, என்ன ஆவணம் என்ற மூன்றும் இருக்கட்டும்.

கிராம்ப்ஸில் ஆதாரத்தை மூன்று படிகளாகப் பதியலாம். ஆவணம் எங்கே இருக்கிறது, அது எந்த ஏடு, அந்த ஏட்டில் எந்தப் பக்கம், எந்த எண் என்பவையே அவை. பள்ளிவாசல் அலுவலகம் என்று ஒருமுறை பதிந்தால் போதும். அங்குள்ள தப்தர், அதில் உள்ள பக்கம் என்று கீழே கீழே சேர்த்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் நம்பகத்தன்மையை ஐந்து நிலைகளில் குறிக்கவும் வசதி உண்டு.

வாய்மொழியும் ஆதாரம்தான். நன்னிமா சொன்னார் என்றால் அவர் பெயர், கேட்ட தேதி, அந்தச் சம்பவத்தை அவர் நேரில் கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா என்பதை எழுதுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் பதியுங்கள். எது சரி என்று நாமாக முடிவு செய்து மற்றதை அழிப்பது பின்னால் வருபவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

பெயர்களில் வரும் குழப்பம்

இந்த மென்பொருள்கள் மேல்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு அது கிடையாது, இனிஷியல்தான். தகப்பனார் பெயரை அந்த இடத்தில் போட்டு, அது தகப்பனார் வழிப் பெயர் என்று குறிக்க கிராம்ப்ஸ் இடம் தருகிறது.

அடுத்த குழப்பம் எழுத்து. இப்ராஹிம், இப்ராஹீம், இபுராகிம் என்று ஒரே ஆள் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பார். எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்க வேண்டும். பட்டப் பெயரையும் விடக் கூடாது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமது வழக்கத்தால் ஒரு குடும்பத்தில் நான்கு அப்துல் காதர்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் பட்டப் பெயர்தான்.

பெண்களின் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பல ஆவணங்களில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் அவருக்கென்று ஒரு பதிவு போட்டு, பெயருக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். காலியிடம் இருந்தால்தான் தேடத் தோன்றும். மனைவி, மகள், தாய் எல்லோரும் பங்குக்கு உரியவர்கள். மரத்தில் இல்லாதவர் பங்கிலும் இல்லாமல் போய்விடுவார்.

பால்குடி உறவையும் பதிய வேண்டும். திருமணத்தையே தடுக்கும் அந்த உறவு எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. கிராம்ப்ஸில் ஒருவரை இன்னொருவரோடு தொடர்புபடுத்தும் தனிப்பகுதி உள்ளது. அதில் குறிக்கலாம்.

தேதியும் இடமும்

மீஸான் கல்லிலும் பழைய நோட்டிலும் ஹிஜ்ரி தேதி இருக்கும். அதை உடனே ஆங்கிலத் தேதியாக மாற்றி எழுதிவிடாதீர்கள். கிராம்ப்ஸில் ஹிஜ்ரி நாட்காட்டியையே தேர்ந்தெடுத்து, உள்ளபடி பதியலாம். ஹிஜ்ரி 1370 என்பது 1950 அக்டோபர் நடுவில் தொடங்கி 1951 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்தது. ஆண்டு மட்டும் தெரிந்தால் எந்த ஆங்கில ஆண்டு என்று அறுதியிட முடியாது. பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு.

இன்னொன்று. நமக்கு நாள் மஃக்ரிபில் தொடங்குகிறது. "வெள்ளி இரவு மௌத்து" என்று பெரியவர் எழுதியிருந்தால் அது ஆங்கிலக் கணக்கில் வியாழக்கிழமை இரவு. யார் முதலில் இறந்தார் என்ற கேள்வி ஒரு நாளில் வந்து நிற்கும்போது இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேதியே தெரியாதவர்களிடம் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். நயா பைசா வருவதற்கு முன்பா (1957 ஏப்ரல்), நேரு இறந்த பிறகா (1964 மே), எம்.ஜி.ஆர். இறந்த சமயமா (1987 டிசம்பர்), சுனாமிக்கு முன்பா (2004 டிசம்பர்) என்றால் பளிச்சென்று சொல்வார்கள். "1957க்கு முன்", "1964க்கும் 1987க்கும் இடையில்" என்று அப்படியே பதிய மென்பொருளில் வசதி உண்டு.

இடப் பெயரும் காலத்துக்குக் காலம் மாறியது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் இடையில் செங்கை அண்ணா என்றும் செங்கை எம்.ஜி.ஆர். என்றும் அழைக்கப்பட்டது. 1997இல் கோவளம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019இல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது. ஊர் நகரவே இல்லை. ஆவணத்தின் தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளிலோ நம் ஊர் "கோவ்லாங்". 1752இல் கிளைவ் பிடித்த கோட்டையைத் தேடினாலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப் பதிவைத் தேடினாலும் இந்தப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். கிராம்ப்ஸில் ஓர் இடத்துக்குப் பல பெயர்களையும், எந்தக் காலத்தில் எந்த மாவட்டம் என்பதையும் சேர்த்து வைக்கலாம்.

பாதுகாப்பும் அமானிதமும்

2004 சுனாமியிலும் 2015 வெள்ளத்திலும் இந்தக் கரையோரத்திலும் சென்னையிலும் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் நீரோடு போயின. ஆகவே ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் என மூன்று பிரதிகள் வையுங்கள். ஸ்கேன் படங்கள் கிராம்ப்ஸின் தரவுத்தளத்துக்குள் சேர்வதில்லை. அவை தனி ஃபோல்டரில்தான் இருக்கும். பிரதி எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஜெட்காம் என்ற பொது வடிவம் உள்ளது. 1984இல் வந்த அது இன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த வடிவிலும் ஒரு பிரதி எடுங்கள். தமிழை யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண், நோய், தலாக் போன்ற விவரங்கள் அமானிதம். அவற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. உயிருடன் இருப்பவர்களின் விவரத்தை விட்டுவிட்டுப் பிரதி எடுக்க கிராம்ப்ஸில் வழி உண்டு. பகிர்வதானால் அதையே பயன்படுத்துங்கள்.

எங்கே தொடங்குவது?

கடினமான பாட்டனார் காலத்தை முதலில் தொடாதீர்கள். உங்களிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். இந்த வாரம் பத்து ஆவணங்களுக்கு எண் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். அடுத்த வாரம், குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் அனுமதி கேட்டு, செல்போனில் குரல் பதிவு செய்துகொண்டு அரைமணி நேரம் பேசுங்கள். மையவாடிக்கு ஜியாரத் செல்லும்போது மீஸான் கல்லில் உள்ள எழுத்து மங்குவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தப்தரும் அடக்க ரிஜிஸ்டரும் ஊரின் பொதுச் சொத்து. உப்புக் காற்றில் காகிதம் சீக்கிரம் நைந்துபோகும். அவற்றை ஸ்கேன் செய்து வைக்க கணினி தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேரும் சில விடுமுறை நாட்களும் போதும். அதில் உள்ள ஒரு வரி, என்றாவது ஒருநாள் ஓர் அநாதைக்கோ விதவைக்கோ சேர வேண்டிய பங்கைச் சேர்த்து வைக்கும், இன்ஷா அல்லாஹ்.