மணியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்!

சென்னையில் மகளுக்கு ரெண்டாவது பிரசவம். உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு, சீடை முறுக்கு டின்னில் அடைச்சாச்சு. "மணியை என்னங்க பண்றது?" என்றாள் என் சகதர்மிணி.

மணி, தஞ்சாவூரில் எங்களோடு பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டும் நாட்டு நாய். வலிப்பு நோய் உண்டு. காலை ஒன்று, ராத்திரி ஒன்று என மாத்திரை. (எனக்குப் பிரஷர் மாத்திரை ஒருவேளைதான். அந்த வகையில் மணி எனக்கு சீனியர்!)

'செல்லப்பிராணிகளைப் பராமரிக்க ஆள்' என்று விளம்பரம் பார்த்துப் போன் போட்டேன். டிப்டாப்பாக ஒரு தம்பி வந்தார். தினம் ரெண்டு வேளை வருவாராம், நானூறு ரூபாய். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அட்வான்ஸ் எவ்ளோ ஸார் தருவீங்க?"

அமெரிக்காவில் இது ஜோரான தொழில். 1994-ல் பாட்டி மோரன் (பெயர்தான் பாட்டி!) என்ற அம்மையார் இவர்களுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். 'தஞ்சாவூரும் முன்னேறிடுச்சே' என்று பெருமையோடு ரயிலேறினேன்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வீடியோ. மணி படுத்திருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய சோறு... மேலே ஈ!

"தம்பி, மாத்திரை?"

"சோத்துலதான் ஸார் வெச்சேன்."

சோறே திங்காத நாய்க்கு சோற்றில் மாத்திரை! எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை இந்தத் தம்பியிடம் சொல்லாமல் விட்டது யார்? அடியேன்தான்!

அன்று ராத்திரியே வந்துவிட்டது வலிப்பு. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்திருக்கிறார். விடிந்ததும் ஆட்டோவில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மணி பிழைத்தது. ஒரு பக்கம் பேத்தி பிறந்த சந்தோஷம், மறுபக்கம் இந்தக் கவலை... அந்த ரெண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து பேத்திக்குக் காதுகுத்து. இந்த முறை எதிர்வீட்டுக்காரரே ஒரு பெண்ணை அழைத்து வந்தார். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி!

"மாத்திரைய எதுல வெச்சுக் குடுப்பீங்க? இடி, வெடிக்குப் பயப்படுமா? எங்க படுக்கும்? வெறிநாய் ஊசி இந்த வருஷம் போட்டாச்சா? ராத்திரில ஒண்ணுன்னா எந்த டாக்டரக் கூப்பிடணும்?"

அசந்துபோனேன். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டே?"

"எங்கப்பா கீதாரிங்க ஐயா."

நம் டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டி வந்து, வயலில் கிடை போடுவார்களே, அவர்கள்தான். ராத்திரி ஆடுகள் அடையும் வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம், கீதாரிக்குக் கூலி. மந்தையில் ஊரார் வாரத்துக்கு விட்ட ஆடுகளும் இருக்கும். பிறக்கும் குட்டியில் பாதி வளர்ப்பவருக்கு.

"ஒரு ஆடு செத்தாலும் ஆட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அப்பா சோறு திங்க மாட்டாரு" என்றாள் அந்தப் பெண். அடடா... ஊரார் உயிரைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் நம்ம வயல்வெளியிலேயே இருந்திருக்கிறது. நான் அமெரிக்காவைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்!

நாங்கள் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்பே வந்து, மணியோடு பழகினாள். மாத்திரையை இட்லித் துண்டில் மறைத்து ஊட்டி, முழுங்கும்வரை நகரவில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது என்று நான் எழுதிய சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

"வீடியோல மணி, மணின்னு கூப்பிடாதீங்க ஐயா. குரலக் கேட்டா தேடும். நான் தினம் சேதி சொல்றேன்."

சொன்னபடி சொன்னாள். பத்து நாள் கழித்துத் திரும்பினோம். மணி ஓடிவந்து என்னை மோந்து பார்த்து, வாலை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, திரும்பிப் போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனாலும் பேசிய கூலிக்கு மேலே ஐந்நூறு வைத்துக் கொடுத்தபோது மனசு நிறைந்திருந்தது.

உள்ளேயிருந்து சகதர்மிணி குரல் கொடுத்தாள்:

"என்னங்க, அடுத்த மாசம் நான் மட்டும் பேத்தியைப் பார்க்கப் போறேன். அந்தப் பொண்ணு உங்களையும் சேர்த்துப் பார்த்துக்குமான்னு கேளுங்க. நீங்களும் மாத்திரையை ஒழுங்கா முழுங்குறதில்லையே!"