சாயம் படும் கையும் மருந்து உண்ணும் உடலும்: ஒவ்வாமையை அறிவோம்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் பட்டு நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கச்சாப் பட்டு தறிக்கு வருமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இடப்படுகிறது. அதன்மேல் படிந்துள்ள செரிசின் என்னும் கோந்து அதில் கரைந்து நீங்குகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இக்கோந்தே. பின்னர் நூல் சாயத்தொட்டிக்குச் செல்கிறது. இவ்வேலைகளைச் செய்வோரின் கைகளில் அரிப்பும் நீர்க்கொப்புளமும் வெடிப்பும் தோன்றும்போது, “இருபது வருடமாகச் செய்த வேலைதானே, இப்போது மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?” என்று கேட்பது இயல்பு. உடம்புச் சூடு என்று எண்ணி விட்டுவிடுவோரும் உண்டு. அக்கேள்விக்கான விடை நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது.

தோல் எவ்வாறு பகை கொள்கிறது?

சோடாவும் வெந்நீரும் நாள்தோறும் பட்டால் எவருடைய தோலும் புண்படும். இது எரிச்சலே அன்றி ஒவ்வாமை அன்று. ஆனால் இவ்வாறு அரண் தளர்ந்த தோலின் வழியே நுண்ணிய வேதிப்பொருள்கள் எளிதில் உட்புகுகின்றன. அவை உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, தோலில் காவல் நிற்கும் செல்கள் அவற்றை அந்நியப் பொருளெனக் கருதி நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி செல்கள் அப்பொருளை ‘பகை’ என்று பழகிக்கொள்கின்றன. அதன்பின் ஒரு துளி பட்டாலும், ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் எழும். இப்பழக்கம் முதல் மாதத்திலும் நேரலாம். பல்லாண்டு கழித்தும் நேரலாம். இது தொற்றுநோய் அன்று. உடன் அமர்ந்து நெய்வோர் அஞ்ச வேண்டியதில்லை.

காரணப் பொருளைக் கண்டறிய உதவுவது ஒட்டுப் பரிசோதனை. 1895ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் யோசப் யாடஸோன் அறிமுகப்படுத்திய இம்முறையே இன்றும் வழக்கில் உள்ளது. சோதனைப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். 96 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகை நனைத்தல் கூடாது. பட்டறையில் கையாளும் சாயம், சோப்பு ஆகியவற்றின் உறைகளை உடன் கொண்டுவாருங்கள்.

மருந்தும் பகையாகலாம்

மருந்து ஒவ்வாமை இரு வகையில் வரும். சிலருக்கு மருந்து உட்கொண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகும். இதற்குக் காரணம் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள். வேறு சிலருக்கு டி செல்களால் பல நாள்கள், சில வாரங்கள் கழித்தே சொறி தோன்றும். இவற்றுள் மிகக் கொடியது ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய். அதில் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, உயிருக்கே கேடு நேரலாம்.

இத்தகைய பாதிப்பு ஏன் சிலருக்கு மட்டும்? வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் மருந்தால் இந்நோய் கண்ட 44 பேரைத் தைவான் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அனைவரிடமும் எச்.எல்.ஏ.–பி 15:02 என்னும் மரபணு வகை இருந்ததை 2004இல் அறிவித்தனர். 2009இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இதே மருந்தால் இந்நோயுற்ற 8 பேரில் 6 பேரிடம் அவ்வகை காணப்பட்டது. எனவே மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனையால் ஆபத்தை முன்னறிய வழி பிறந்துள்ளது. எனினும், இம்மரபணு வகை உடைய அனைவரும் நோயுறுவதில்லை. இல்லாதவர் முற்றிலும் காப்புற்றவரும் அல்லர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

புதிய மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலுடன் சொறி, கண் எரிச்சல், வாய்ப்புண், தோலில் வலி அல்லது உரிதல், முக வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்ட மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். கடையில் கேட்டு வாங்கியவற்றையும் மறைக்க வேண்டா.

சாயவேலையின்போது உட்புறம் பருத்தித் துணி வைத்த கையுறை அணியுங்கள். கறையைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்க்காதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவித் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். கடையில் தரும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது.

ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்பனையாகிறது. ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் நிறம் மட்டும் நினைவிலிருந்தால், வேறு பெயரில் அதே மருந்து மீண்டும் உடலுக்குள் சென்றுவிடும். இரண்டாம் முறை பாதிப்பு முதல் முறையினும் கடுமையாகலாம். ஆதலால் நாங்கள் ஒவ்வாமைச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தருகிறோம். அதனை எப்போதும் உடன் வைத்திருங்கள். வீட்டில் மற்றொருவருக்கும் அப்பெயரைச் சொல்லி வையுங்கள். நீங்கள் பேச இயலாத வேளையில், உங்களுக்காக அவர் சொல்ல வேண்டியிருக்கும்.