காபியே இல்லாத காபி கேக்... பரங்கிக்காய் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்!

பெயர்தான் காபி கேக். ஒரு சொட்டு காபிகூட இதில் கிடையாது! நம்மூர் பேக்கரி டீ கேக்கில் டீயா இருக்கிறது? அதே கதைதான். அமெரிக்காவில் காலை காபியோடு சாப்பிடுவதால் இந்தப் பெயர். ஜெர்மனியிலிருந்து அங்கு குடியேறியவர்கள் கொண்டுபோன பழக்கம் இது. மேலே மொறுமொறுவென்று உதிரும் மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்ட்ரூசல்’. ஜெர்மன் மொழியில் தூவுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்று பலரும் சொல்வது ‘க்ரம்பிள்’.

இதில் பூசணி சேர்ந்தால், அது அங்கே இலையுதிர்காலத்தின் ஸ்பெஷல். ரெசிப்பி வீடியோக்களில் டின்னைத் திறந்து பூசணி விழுதை அப்படியே கொட்டுவார்கள். ‘அந்த டின்னுக்கு எங்கே போவது’ என்று பலர் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. அங்கே டின்னில் அடைப்பது பெரும்பாலும் ‘டிக்கின்சன்’ என்ற ரகம். நம் பரங்கிக்காயும் அதுவும் ஒரே தாவர இனம்! ஆனால், ‘பூசணி’ என்று படித்துவிட்டு, திருஷ்டிக்கு உடைக்கும் வெண்பூசணியை வாங்கிவிடாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது... தண்ணீர். டின் விழுது கெட்டியாக இருக்கும். நாம் வேகவைக்கும் பரங்கியில் நீர் அதிகம். அப்படியே சேர்த்தால் கேக்கின் நடுப்பகுதி களி மாதிரி ஆகிவிடும். அதனால், நன்கு பழுத்த அரைக் கிலோ கீற்றை வாங்கி, தோலும் விதையும் நீக்கி, இட்லித் தட்டில் ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீர் ஊற்றி வேகவைப்பது வேண்டாம். மசித்து, மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் வடியவிடுங்கள். பிறகும் தளர்வாக இருந்தால், வாணலியில் சிறு தீயில் அல்வா பதத்துக்குச் சுருளக் கிளறி ஆறவிடுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் சட்டென்று விழக் கூடாது. அதுதான் பதம்.

முதலில் க்ரம்பிள். 90 கிராம் மைதா, 100 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள் மூன்றையும் கலந்து, 75 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாகப் போட்டு, புட்டு மாவு பிசிறுவதுபோல விரல் நுனியால் பிசிறுங்கள். பொடியாக்கிவிடாதீர்கள், கொண்டைக்கடலை அளவில் கட்டிகள் இருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் வெண்ணெய் உடனே உருகும் என்பதால், பிசிறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கேக்குக்கு, 190 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். இதனுடன் ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, கால் டீஸ்பூன் ஜாதிக்காய்ப்பொடி, ஒரு சிட்டிகை கிராம்புப்பொடி. (அமெரிக்கக் கடைகளில் இந்த நான்கையும் கலந்து ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்று விற்கிறார்கள். நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவைதான்!) இன்னொரு பாத்திரத்தில் 2 முட்டை, 150 கிராம் நாட்டுச்சர்க்கரை, 100 மில்லி எண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் தயிர், 180 கிராம் பரங்கி விழுது சேர்த்து அடியுங்கள். முட்டை வேண்டாதவர்கள் அதற்குப் பதிலாக அரை கப் கெட்டித் தயிர் சேர்க்கலாம். கேக் சற்று அடர்த்தியாக வரும், ருசி குறையாது. மாவைச் சேர்த்த பின் அடிக்காதீர்கள், மெதுவாகக் கலந்தாலே போதும்.

8 அங்குலச் சதுர டின்னில் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, க்ரம்பிளை அழுத்தாமல் தூவுங்கள். சூடேற்றிய ஓடிஜியில், நடுத்தட்டில், 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடங்கள். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் பேப்பரால் மூடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

ஓவன் இல்லையா? கனமான கடாயில் ஸ்டாண்டு வைத்து, மூடிபோட்டுச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வரை வேகவைக்கலாம். ஆனால், சூடு கீழிருந்து வருவதால் க்ரம்பிள் வெளுத்து, நமுத்துப்போகும். அதற்கு என் சிபாரிசு: க்ரம்பிளைத் தனியாக நான்ஸ்டிக் தவாவில் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, கேக் வெந்த பிறகு மேலே தூவிவிடுங்கள்.

சுடச்சுட வெட்டினால் உதிர்ந்துவிடும், அரை மணி நேரமாவது ஆறட்டும். பரங்கியின் ஈரப்பதத்தால் வெளியில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். மறுநாள் மொறுமொறுப்பு குறையும். துண்டுகளை ஓவனிலோ தவாவிலோ 5 நிமிடம் சூடாக்கிவிட்டு, ஃபில்டர் காபியோடு பரிமாறுங்கள்.