முதுகில் ஓர் இழைக்குழாய்

தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டியூரா உறைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இடம் உண்டு. கொழுப்பும் மெல்லிய சிரைகளும் நிறைந்த அதுவே எபிடூரல் இடைவெளி. வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைகளில் அங்கே நூல் போன்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, பின்னர் சில நாட்களுக்கு அதன் வழியே மரக்கச்செய்யும் மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். வலியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்கள் அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

வயிறு கிழிபட்டவருக்கு இருமல் ஒரு தண்டனை. இருமப் பயந்தால் சளி தேங்கும், நிமோனியா வரலாம். மார்ஃபின் வலியைக் குறைக்கும், ஆனால் குடலையும் மந்தமாக்கும். எபிடூரலில் நோயாளி ஆழமாக மூச்சிழுக்கிறார். குடலும் சீக்கிரம் அசையத் தொடங்குகிறது.

சிக்கல் அந்த இடத்தை அடைவதில்தான். பிரசவ வலிக்கு இடுப்புப் பகுதியில் குத்தினால் போதும். மேல்வயிற்று அறுவைக்கு மார்பு முதுகெலும்புகளுக்கு இடையே நுழைய வேண்டும். அங்கே முள்ளெலும்புகள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. வழக்கமான முறை கைப்பழக்கத்தை நம்பியது. ஊசியில் மாட்டிய சிரிஞ்சை அழுத்திக்கொண்டே போனால், தடித்த தசைநாரைத் தாண்டியதும் தடை சட்டென்று விலகும். ஆனால் தளர்ந்த திசுவும் அதே உணர்வைத் தந்து ஏமாற்றும். விரலால் தடவி எண்ணுவதில் ஓர் எலும்பு தவறுவதும் அரிதல்ல.

அல்ட்ராசவுண்டு, குத்துவதற்கு முன்பே நடுக்கோட்டையும் எலும்பு இடுக்கையும் ஏறத்தாழ எத்தனை ஆழம் என்பதையும் காட்டிவிடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2008-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரியவர்களில் குழாயின் நுனியைக் காண்பது மட்டும் இதில் கடினம்.

நுனியைக் காட்ட வல்லது சி-ஆர்ம் எனும் நேரடிப் படம் தரும் எக்ஸ்ரே கருவி. குழாய்க்குள் அயோடின் கலந்த சாயத்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். சாயம் மேலும் கீழும் படர்ந்தால் இடம் சரி. நுனி தசையில் இருந்தால் அது திட்டாகத் தேங்கும், இரத்தக் குழாயில் இருந்தால் நொடியில் அடித்துச் செல்லப்படும். கதிர்வீச்சும் ஈயக் கவசமும் கூடுதல் நேரமும் இதன் விலை. எல்லா நோயாளிகளுக்கும் இது தேவையா என்பது நியாயமான கேள்வி. முதுகு வளைந்தவர்களிலும் உடல் பருத்தவர்களிலும் அந்த விலை வீண்போகாது.

இடம் சரியாக அமைந்த குழாய் பின்னர் நழுவினால் அதைப் படத்தால் தடுக்க முடியாது. எபிடூரல் மருந்தால் இரத்த அழுத்தமும் சரியலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களில், குழாயை வைப்பதற்கும் உருவுவதற்கும் நேரம் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் இரத்தக்கட்டு தண்டுவடத்தை நெரிக்கக்கூடும். கால்களில் புதிதாகப் பலவீனம் தோன்றினால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். குழாயை உருவியதும் நுனி முழுமையாக வந்ததா என்று செவிலியர் பார்த்துப் பதிவு செய்வார்.