கொம்பு வைத்த வண்டெல்லாம் தென்னைக்குப் பகையா?



கன்னிப்பூவுக்கு எரு அள்ளும்போதும், ராத்திரி விளக்கடியிலும், கொம்பு வைத்த கறுப்பு வண்டு ஒன்று தட்டுப்படும். பார்த்த உடனே "தென்னங்குருத்தைத் தின்கிற சனியன்" என்று மிதித்து விடுகிறோம். அது காண்டாமிருக வண்டாக இருந்தால் மிதித்தது சரிதான். சில சமயம் அது சாணி வண்டாக இருக்கும். கூலி கேட்காமல் நம் நிலத்தை உழுகிற கூட்டாளி அது. ஆகவே இரண்டையும் இனம் கண்டு கொள்வது அவசியம்.

நம் மேற்குப் பக்கத்தில் கொம்பன் செல்லி என்கிற காண்டாமிருக வண்டு, நீளவாக்கில் உருளையாக, ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கும். பெரிய சாணி வண்டு ஏறக்குறைய ஓர் அங்குலந்தான். குட்டையாக, அகன்று, உருண்டிருக்கும். கொம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சாணி வண்டில் ஆணுக்கும் தலையில் கொம்பு உண்டு. அது தென்னையைக் குத்த அல்ல. வளைக்குள் மற்ற ஆண் வண்டோடு மல்லுக்கட்ட.

பின்னே எதைப் பார்ப்பது? முதலில் தலையைப் பாருங்கள். சாணி வண்டின் தலை முன்பக்கம் மண்வெட்டி போலத் தட்டையாக விரிந்திருக்கும். அடுத்து முதுகு. இரண்டு இறக்கை ஓடுகளும் கழுத்துப் பக்கம் சேருமிடத்தில் சின்ன முக்கோணச் சில்லு தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு. இந்தப் பெரிய சாணி வண்டுக்கு அந்தச் சில்லு வெளியே தெரியாது. இன்னொரு விஷயம்: சாணி வண்டின் தாடை மெல்லிய தோல் போன்றது. சாணிச்சாற்றை உறிஞ்சத்தான் அது உதவும். குருத்தைக் கடிக்க நினைத்தாலும் அதால் முடியாது.

எருக்குழியில் கிடக்கும் வெள்ளைப் புழுவுக்கும் ஒரு சோதனை உண்டு. புழுவை எடுத்துப் பலகையில் விடுங்கள். மல்லாந்து, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டின் புழு. குப்பையை மக்க வைக்கிற புழு அது, பிழைத்துப் போகட்டும். முதுகால் ஊராமல், 'சி' எழுத்துப் போல வளைந்து ஒருக்களித்துக் கிடக்கிற பெரும்புழு என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். சாணி வண்டின் புழுவோ, தாய் மண்ணுக்கடியில் உருட்டி வைத்த சாணி உருண்டைக்குள்ளேயே வளரும்.

சாணி வண்டால் என்ன லாபம்? சாணி வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். வண்டு அதை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது தோண்டும் வளை வழியே மழைத் தண்ணீரும் காற்றும் இறங்கும். சாணியில் ஈ பெருகுவதும் குறையும். கீரிப்பாறை போன்ற மலையோரக் காடுகளை எடுத்துக்கொண்டால், இந்த இனத்துச் சில சிறு வண்டுகள் செத்த பிராணிகளின் மாமிசத்தையும் தின்று இடத்தைச் சுத்தப்படுத்தும்.

இதன் அருமை ஆஸ்திரேலியாவுக்கு நன்றாகத் தெரியும். அங்கே 1788-இல் வெள்ளைக்காரர் மாடுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். உள்ளூர் வண்டுகளோ கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணியை அவ்வளவாகச் சீண்டவில்லை. சாணி அப்படியே கிடந்து காய்ந்தது, ஈ பெருகியது. கடைசியில் விஞ்ஞானி ஜார்ஜ் போர்னமிசாவின் யோசனைப்படி, 1968 முதல் வெளிநாட்டுச் சாணி வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1984-க்குள் 43 இனங்களை விட்டதில் 23 இனங்கள் நிலைத்தன. அவர்கள் கப்பல் வழியும் ஆகாய வழியும் தேடிப்போன செல்வம் நம் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்காகக் காண்டாமிருக வண்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அது குருத்தைத் துளைத்தால் விரிகிற ஓலை கத்தரியால் வெட்டினதுபோல் இருக்கும். அந்தக் காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டும் புகுந்தால் மரமே போய்விடும். முட்டையிலிருந்து வண்டாக நாலு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எருக்குழியைப் புரட்டிப் புழுவைப் பொறுக்குங்கள். பட்டுப்போன தென்னையையும் அடிக்கட்டையையும் தோப்பில் விட்டுவைக்காதீர்கள். அவற்றிலும் அது முட்டையிடும். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சணத்தைக் குழியில் ஈரத்தோடு கலந்தால் புழு நோய் கண்டு சாகும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். குருத்துக்குள் புகுந்த வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுங்கள்.

ஆனால் எருக்குழியிலும் சாணியிலும் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். நல்ல வண்டும் சேர்ந்து போய்விடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் குடற்புழு மருந்தும் சாணியில் இறங்கி, சாணி வண்டின் புழுக்களைக் கொல்லும். மாட்டுக்கு வைத்தியம் அவசியந்தான். எந்த மருந்து, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

இனிமேல் கறுப்பு வண்டைக் கண்டால் காலைத் தூக்குமுன் குனிந்து ஒரு தடவை பாருங்கள். தலை மண்வெட்டியா, முதுகில் முக்கோணச் சில்லா? இந்த இரண்டு கேள்வி போதும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு டப்பாவில் போட்டுப் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்துக்கு எடுத்து வாருங்கள்.